நூறு சதவீத ஈரம்

உடுமலைப்பேட்டையில் இருந்த அந்தத் தனியார் வானிலை மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியது 2006 அக்டோபரில். காற்றாலைக்காரர்களுக்கும் திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கும் தினமும் மழை, காற்று நிலவரம் சொல்வது மையத்தின் வேலை. கணித்துச் சொல்கிறவள் சுபஸ்ரீ. ஆறு வருடமாக ஒரே பழைய பெட்டியோடு மல்லுக்கட்டியவள்.

கம்ப்யூட்டர்களைப் பொருத்த வந்த ராபின் தூத்துக்குடிக்காரன். ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும் என்றான். சுபஸ்ரீ ஒரே அளவுகளை இரண்டிலும் அடித்து வந்தாள். பத்து நாள் இரண்டும் ஒன்றையே சொல்லின. பதினோராம் நாள் காலையில் புதியது, திருப்பூரில் மதியத்துக்கு மேல் மழை என்றது. பழையது வெயில் என்றது.

"ஏனுங்க ராபின், இதுல எதுங்க பொய் சொல்லுது?"

"புதுசாத்தான் இருக்கும் மேடம். இன்னும் செட் ஆகல."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே கேள்விக்கு எப்படி இரண்டு பதில் வரும்? இரண்டும் சேமித்து வைத்திருந்த எண்களைத் திறந்து காட்டச் சொன்னாள். விரல் வைத்து வரிவரியாக ஒப்பிட்டாள். காற்று சரி. வெப்பம் சரி. மலையடிவாரக் கருவி காட்டிய ஈரப்பதம் புதியதில் 100. பழையதில் 00.

"நான் நூறுன்னுதானுங்க அடிச்சேன்!"

ராபின் குனிந்து பார்த்தான். சிரித்துவிட்டான். "பழைய புரோகிராம்ல ரெண்டு எழுத்துக்குத்தான் எடம் விட்டிருக்காங்க மேடம். முன்னால உள்ள ஒண்ணு விழுந்துருது. பூச்சியம்னா கருவி ரிப்பேர்னு நெனச்சு, பக்கத்து ஊர் அளவ எடுத்துக்கிடுது."

காற்று முழுக்க நனைந்து கிடந்த நாட்களை மட்டும் அந்தப் பெட்டி கண்டுகொள்ளவே இல்லை.

சுபஸ்ரீ உடனே பட்டறைக்காரர் லிங்கசாமிக்குப் போன் போட்டாள். "இன்னைக்குத் துணி காயப்போட வேண்டாமுங்க."

"வெயிலு சுள்ளுனு அடிக்குதே, கண்ணு?"

"தெரியுமுங்க. இருந்தாலும் வேண்டாமுங்க."

மூன்றரைக்கு அவரே கூப்பிட்டார். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் அவர் பேசியது பாதிதான் காதில் விழுந்தது.

அவளோ அதற்குள் பழைய பதிவேடுகளை மேசையில் பரப்பியிருந்தாள். மழை இல்லை என்று சொல்லி மழை பெய்த நாட்கள் மொத்தம் இருபத்துமூன்று. ஒவ்வொன்றுக்கும் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று நினைத்திருந்தாள். அதில் பதினாறில் மலையடிவார ஈரம் நூறு. அவளுக்கு நெஞ்சு லேசாகிப் போனது.

பாக்கி ஏழு நாள்?

"இந்த ஏழு நாளையும் புதுசுல போட்டுப் பாக்கலாமுங்களா?"

ராபின் கிளம்பப் பையை எடுத்தவன், கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். புதியது இரண்டு நாளுக்கு மழை என்று சரியாகச் சொன்னது. ஐந்து நாளுக்கு அதுவும் வெயில் என்றே சாதித்தது.

"இதுக்கும் தெரியலயே மேடம்" என்றான், தோற்றவன்போல.

சுபஸ்ரீ அந்த ஐந்து தேதிகளையும் தாளில் எழுதினாள். ஐந்திலும் மேகம் எந்தத் திசையில் இருந்து வந்தது என்று தேடிப் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினாள்.