சைரன் மாஸ்டரின் குரல்

என் அப்பா சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். முதல் தடவை யார் காதிலும் விழாது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் இருபத்திரண்டு வருஷம் ராணுவப் பயிற்சி முகாமில் டிரில் மாஸ்டராக இருந்தார், அவர் வாயைத் திறந்தால் முந்நூறு பேர் நடுங்கினார்கள் என்றால் யார் நம்புவார்கள்? நாற்பத்து மூன்று வயது வரை நான் நம்பவில்லை.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கத்துவது என் தொழில். கிளட்சை விடச் சொன்னால் பிரேக்கை விடுகிறவர்களோடு காலை ஆறு மணியிலிருந்து மல்லுக்கட்டினால் யாருக்கும் தொண்டை திறந்துவிடும். இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் அம்மாவைக் கைகாட்டிவிடுவேன்.

போன மாதம் அப்பாவின் தொண்டையில் வந்த கரகரப்பு என்ன செய்தும் போகவில்லை. சோதித்துப் பார்த்த டாக்டர், புற்று இருக்கிறது, குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். "உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் போயிடும்" என்றார். அந்த 'மட்டும்' என்ற வார்த்தையைப் பிடித்து அவரை நாலு கேள்வி கேட்கலாம் போல ஆத்திரம் வந்தது. அப்பா தலையாட்டிவிட்டு, கழற்றிய சட்டைப் பொத்தானை நிதானமாகப் போட்டுக்கொண்டார்.

விஷயம் தெரிந்து அப்பாவிடம் பயிற்சி எடுத்த மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் ஒரே பிரிவில் சேர்ந்து, ஒரே முகாம் அறையில் தூங்கி, ஒரே நாளில் மொட்டை அடித்துக்கொண்டவர்கள். இப்போது ஒருவர் லிஃப்ட் மெக்கானிக், ஒருவர் டெய்லர், மூன்றாமவர் ஓய்வுபெற்ற தபால்காரர். எனக்கு மூவருமே மாமா. அவர்களுக்கு நான் இன்றைக்கும் பாப்பா. அப்பா மட்டும் அவர்களுக்கு மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் சைரன் மாஸ்டர்.

அப்பா உள்ளே படுத்திருந்தார். கூடத்தில் இவர்களுக்குப் பழைய நாள் கிளம்பிவிட்டது. டெய்லர் மாமா அணிவகுப்பில் தும்மிவிட்டாராம். அதற்குத் தண்டனையாக, மூக்கு சார்பாக ஒரு லீவு விண்ணப்பம் எழுதி, மூக்கிலேயே ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை நிற்க வேண்டும். மெக்கானிக் மாமாவுக்கு நடக்கும்போது ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து போகும். அப்பா அவர் இடது கையில் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்து, "இதை உன் வலது காலுக்குக் காட்டிக்கிட்டே நட" என்றாராம். ஒன்பது நாள் அந்தக் கல்லோடுதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

"திட்டினாரா?" என்று கேட்டேன்.

"திட்டறதா? குரலைக் கேட்டாலே போதும் பாப்பா."

"எப்படி இருக்கும் அந்தக் குரல்?"

இங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது. டெய்லர் மாமா எழுந்து நின்று, தொந்தியை இழுத்துக்கொண்டு, கீச்சென்று ஒரு கட்டளை போட்டார். மெக்கானிக் மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது கோழி. மாஸ்டர் இப்படி" என்று பாதாளத்திலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். தபால்கார மாமா இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நினைவில் அப்பா கத்தியதே கிடையாது, காதருகே வந்து ரகசியம் சொல்வது போல, "உன்னைப் பெத்தப்ப டாக்டர் வாழ்த்துச் சொன்னாரா, வருத்தம் தெரிவிச்சாரா?" என்று கேட்பாராம். அதைக் கேட்டு இவருக்கு அரை நாள் காய்ச்சல் வந்ததாம்.

மூன்று பேர், மூன்று குரல். அதில் எதையும் வைத்து என் அப்பாவைக் கற்பனை செய்ய முடியவில்லை. எனக்குத் தலை வெடித்துவிடும் போல் இருந்தது. விசாரணை அதிகாரி மாதிரி ஒவ்வொருவராகக் குடைந்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள். கட்டளையில் இரண்டு துண்டு உண்டு. முதல் துண்டு 'ஸ்க்வாட்', அணியைக் கூப்பிடுவது, அதை இழுத்துச் சொல்வார். அதற்கு இவர்கள் வைத்த பெயர் இழுவை. கடைசித் துண்டு 'ஷன்', விறைத்து நில் என்பது, பட்டென்று வரும். அது வெட்டு. வெட்டு விழும் வரை யாரும் அசையக் கூடாது. விழுந்த பிறகு நிற்கிற நிலையிலிருந்து யாரும் பிசகக் கூடாது. நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருப்பார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அடுப்படியில் இருந்த அம்மாவிடம் போய், "நீயாவது கேட்டிருக்கியா?" என்றேன்.

"ஒரே ஒரு தடவை. கல்யாணமான நாலாம் நாள். கதவைச் சாத்துன்னாரு. நான் சாத்தினேன். எதிர் வீட்டுக்காரங்களும் சாத்திக்கிட்டாங்க." அம்மா அடுப்பைத் தணித்தாள். "அந்தக் குரலை முகாமிலேயே வச்சுட்டு வாங்க, இங்க எடுத்துட்டு வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னேன். பாவம், அப்படியே இறக்கிட்டாரு. அதுக்கப்புறம் இந்த வீட்ல சத்தம்னா என்னுதுதான்."

ஆக, ஊரெல்லாம் கேட்ட குரலைக் கேட்காதவள் பெற்ற மகள் ஒருத்திதான். வியாழக்கிழமைக்குப் பிறகு கேட்கவும் முடியாது. எனக்குத் துக்கமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. முன்பின் தெரியாத பையன்களுக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் கொடுக்கவில்லை?

அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "ஒரே ஒரு தடவை கட்டளை போட்டுக் காட்டுங்கப்பா. போன்ல பதிவு பண்ணி வச்சுக்கறேன்."

அவர் சுவரைப் பார்த்தபடி யோசித்தார். "எதிர்ல ஆள் நிக்காம கட்டளை போட்டா அதுக்குப் பேரு புலம்பல்" என்றார், வழக்கம்போல் காற்றாக.

"நான் நிக்கறேன்."

"நீ என் பொண்ணு. நீ ஏன் நிக்கணும்?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாமாக்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் மாமாதான் வழி சொன்னார். "மாஸ்டரைக் கேட்டா வராது. கோணலா ஒரு வரிசையைக் கண்டா அவரால சும்மா இருக்க முடியாது. குளிக்கிற இடத்துல வாளி கோணலா இருந்ததுக்கு எங்களை ஓட விட்டவர் அவர். நாங்க மூணு பேரும் உன் மைதானத்துல தப்புத்தப்பா நிக்கறோம். நீ அவரை வண்டில கூட்டிட்டு வா. மிச்சம் தானா நடக்கும்."

டாக்டரைப் போனில் கேட்டேன். ஒரு தடவை கத்தினால் ஒன்றும் ஆகாது, வலிக்கும், அதன் பிறகு ஆபரேஷன் வரை குரல் எழும்பாமல் போகலாம் என்றார். அந்த 'வலிக்கும்' என்னை ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை. இருந்தாலும் ஆசை விடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. என் பயிற்சி மைதானம் என்பது ஒரு கிடங்குக்குப் பின்னால் தார் போட்ட காலி இடம். வண்டி நிறுத்தப் பழக வெள்ளைக் கோடுகள், இடித்து இடித்து நசுங்கிய பிளாஸ்டிக் கூம்புகள். புது வண்டியைக் காட்டுகிறேன் என்று அப்பாவைக் கூட்டி வந்தேன். வெள்ளைக் கோட்டின் மேல் மாமாக்கள் ஒத்திகை பார்த்த கோலத்தில் நின்றார்கள். டெய்லர் மாமா ஒரு காலை மடக்கி, தபால்கார மாமா கோட்டுக்கு இரண்டடி தள்ளி, மெக்கானிக் மாமா பேண்ட் பையில் கையை விட்டு. பார்க்கவே கண்றாவியாக இருந்தது. எனக்குப் பரம திருப்தி.

வண்டியை நிறுத்தினேன். அப்பா கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார்.

அவ்வளவுதான். மெக்கானிக் மாமாவின் கை பையிலிருந்து தானாக வெளியே வந்தது. தபால்கார மாமா இரண்டடி நகர்ந்து கோட்டில் ஏறினார். டெய்லர் மாமாவின் மடங்கிய கால் நிமிர்ந்தது, தொந்தி உள்ளே போனது. மூன்று பேரும் கால்களை அளவாக அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி, ஒருவர் தோளுக்கு ஒருவர் தோள் நேராக, அளவுகோல் வைத்தது போல நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களும் நினைத்துச் செய்யவில்லை. டெய்லர் மாமா கண்ணாலேயே என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அப்பா மெல்ல நடந்து வரிசையைப் பார்த்தார். தபால்கார மாமாவின் காலரை மடித்துவிட்டார். மெக்கானிக் மாமாவின் இடது கையை முன்னால் இழுத்து விரித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்டு விட்டுவிட்டார். சீர்செய்ய அங்கே வேறு எதுவும் இல்லை. "நல்லா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியைப் பார்க்கத் திரும்பினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வழிக்கு வந்த காரியத்தை இப்படியா கெடுப்பார்கள்? விறுவிறுவென்று போய் வரிசையின் கடைசியில் நின்று, ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் போன், ஒற்றைக்காலில் சாய்ந்தபடி பொரிந்து தள்ளினேன். "கோணலா நிக்கறதுக்குக்கூடத் துப்பில்லையா மாமா? என் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சொல்லியிருந்தா இதைவிட நல்லா தப்புப் பண்ணியிருப்பாங்க."

மூவரும் என் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் பார்வை எனக்குப் பின்னால் எங்கோ இருந்தது. திரும்பினேன்.

அப்பா வண்டிக் கதவைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரான மூன்று பேர், கோணலாக நாலாவது ஆள். கதவை விட்டார். முதுகு நிமிர்ந்தது. எழுபத்து நாலு வயசுக்காரர் நடந்து வந்த நடையில் வயசே தெரியவில்லை. ஐயோ, கட்டளை எனக்குத்தான் என்று புரிந்துவிட்டது. போனின் பதிவுப் பொத்தானை நோக்கிக் கட்டைவிரல் போனது.

"ஸ்க்வா…ட்."

டெய்லர் மாமா காட்டிய கீச்சும் இல்லை, மெக்கானிக் மாமாவின் பாதாளமும் இல்லை. கரகரத்து, கிழிந்து, அடிவயிற்றிலிருந்து ஏறி வந்து மைதானத்தின் மறுகோடி வரை தடையில்லாமல் போயிற்று. அதில் துளிக் கோபம்கூட இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பிறகு நிறுத்தினார். சும்மா நின்றார். அந்தச் சும்மாவில் அவர் இந்த உலகத்தில் என் ஒருத்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. அந்த மூவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"ஷன்!"

நான்கு இடது கால்கள் ஒரே சமயத்தில் தரையில் இறங்கின. நான்காவது என்னுடையது. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கிடங்குச் சுவர் அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

அப்பா கைக்குட்டையை வாயில் வைத்து நெடுநேரம் இருமினார். முடித்துவிட்டு எங்களைக் கலைக்க ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. கலைக்கும் கட்டளை வராததால் நாங்கள் நால்வரும் அப்படியே நின்றோம். அவர் என் அருகில் வந்து காதோடு வாயை வைத்தார்.

"பதிவாச்சா? போடு, கேப்போம்." மூச்சு வாங்கினார். "எல்லாரும் கேட்டிருக்காங்க. நான் வெளியிலேர்ந்து கேட்டதே இல்ல. எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியணும்."

இத்தனை வருஷமாக மனிதருக்கு இது மனதில் இருந்திருக்கிறது. நான் ஒருத்திதான் கேட்கவில்லை என்று மூக்கால் அழுதேனே, அவரும் கேட்டதில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் போன் தொடையோடு ஒட்டியிருந்தது. பொத்தான் அழுத்தப்படவில்லை. இழுவையைக் கேட்டதுமே கட்டைவிரல் நின்றுவிட்டது, வெட்டு விழுந்த நொடியில் இரண்டு கைகளும் விறைத்துக் கீழே இறங்கிவிட்டன. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் கண்ணைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"இல்லப்பா. பதிவாகல. நீங்க சொன்னதும் கை அசையலப்பா. பொத்தானை அமுக்கணும்னு நினைச்சேன், முடியல. மன்னிச்சிருங்கப்பா."

அவர் முகத்தில் ஏமாற்றம் வந்தது. அதை நான் பார்த்தேன். இனி அந்தக் குரலை அவர் ஒருநாளும் கேட்கப் போவதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு குனிந்து என் கையைப் பார்த்தார். போனை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கட்டைவிரலைச் சுடிதாரின் தையல்மேல் நேராகப் படியவைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துச் சரிபார்த்தார்.

"அசையக் கூடாது" என்று அவர் உதடுகள் சொன்னது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "சரியாத்தான் நின்னிருக்கே."