வலது பக்கத்து மரியாதை

என் வீட்டுக்காரர் நைனா முகமது நல்ல மனுஷர். குதிரையை அடிக்க மாட்டார். சவாரிக்கு வந்தவர்களிடம் கூலி கூடுதலாகக் கேட்க மாட்டார். என்னை ஒரு நாளும் ஏசியதில்லை. அந்த வாய் ஒன்றுதான் சனியன். குதிரைக்கு லகான் போடத் தெரிந்தவருக்குத் தன் வாய்க்குப் போடத் தெரியவில்லை.

மதுரை ரயிலடியில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே ஒரு நாள் விளாங்குடி மொக்கையன் எங்கள் குதிரை சிட்டின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"இந்தா பாருங்கப்பா, கண்ணுக்குக் கீழ சுழி! அழுகைச் சுழி. இதுல ஏறினவன் வீட்டுல ஒப்பாரிதான்."

மொக்கையனும் ஜட்காக்காரர்தான். மாசி மாதம் நடக்கும் வண்டிப் பந்தயத்தில் அவருடைய கருப்புக் குதிரை இரண்டு வருஷமாகத் தொடர்ந்து ஜெயித்திருந்தது. அதனால் குதிரையைப் பற்றி அவர் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து ரயிலை விட்டு இறங்கிய சனம் சிட்டின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனது. சுழியாம், சுழி! ஆளாளுக்கு மண்டையில் ரெண்டு சுழியை வைத்துக்கொண்டு குதிரைக்குச் சுழி பார்க்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்துவிட்டார்.

"மாசிப் பந்தயத்துல என் சிட்டு ஒன் கருப்பனை முந்தும்டா மாப்ள. தோத்தா சிட்டை நீயே ஓட்டிக்கிட்டுப் போயிரு!"

"சரி மாப்ள. ஒன் சிட்டு ஜெயிச்சா எங்குடும்பத்தோட ஒன் வண்டியில ஏறி ஊரைச் சுத்தி வாரேன். போதுமா?" என்றாராம் மொக்கையன்.

வீட்டுக்கு வந்து இவர் இதைப் பெருமையாகச் சொன்னார். தாய் செத்துப்போய்க் கிடந்த குட்டியைத் துணியில் பால் நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தவள் நான். இப்போதும் என் வளையல் சத்தம் கேட்டால் சிட்டு கனைக்கும். அதை எடுத்துப் பந்தயத்தில் வைத்துவிட்டு வந்து, சாதாரணமாகச் சோறு கேட்கிறார்!

"என்னைய வச்சிருக்கலாமே மச்சான்" என்றேன்.

"ஒன்னைய வச்சா மொக்கையன் வேணாம்னு ஓடிருவானே" என்று சிரித்தார். அன்று அவருக்குச் சோறு நான் போடவில்லை.

விடிந்ததும் வழக்கம்போலப் புல் வாங்க விளாங்குடிக்கு நடந்தேன். திண்டுக்கல் ரோடு அப்போது தார் காணாத கப்பி ரோடு. அறுப்பு முடிந்த சமயம். நெல்லும் வைக்கோலும் ஏற்றிய மாட்டு வண்டிகள் பட்டணத்துக்கு வந்துகொண்டிருந்தன. வண்டி என்றால் இடது பக்கமாகத்தான் போக வேண்டும் என்று சட்டம். புல்லுக்கட்டோடு திரும்பும்போது அந்தப் பாரவண்டிகளின் பின்னாலேயே வந்தேன். கணுக்கால் முங்கப் புழுதி. அத்தனை இரும்புப் பட்டைச் சக்கரங்களும் கப்பியை மாவாக அரைத்து வைத்திருந்தன. மூச்சு வாங்கவே மறுபக்கம் தாண்டினேன். சிமிண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. அந்தப் பக்கம் போவதெல்லாம் சரக்கை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் வெறும் வண்டிகள்தானே!

நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன்.

மாசிப் பந்தயம் விளாங்குடியில் தொடங்கிப் பட்டணத்து வைகைக் கரையில் முடியும். ரெண்டு ரெண்டு வண்டியாக விடுவார்கள். போன வருஷம் ஜெயித்தவருக்கு வலது பக்கம். அது மரியாதை. அதாவது கெட்டித் தரை. எதிராளிக்கு இடது, அதாவது மாவு. மொக்கையனுக்கு முன்னால் ஜெயித்தது இன்னொரு ஜட்காக்காரர் சோணையின் கிழட்டுக் குதிரை. அதுவும் வலதில்தான் ஓடியது. சோணை அதை விற்ற பிறகு பூவா தலையா போட்டுப் பார்த்ததில் மொக்கையனுக்கு வலது விழுந்தது. அவர் அந்த இடத்தை விடவே இல்லை. இவ்வளவு வருஷமாக ஜெயித்தது குதிரையே இல்லை, ரோடு! ஊர் சனம் சுழியையும் பல்லையும் பார்த்ததே தவிர, ஒருத்தராவது காலுக்குக் கீழே பார்த்தார்களா?

வீட்டில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "மச்சான், இந்த வருசம் வலது பக்கத்தை நம்ம கேட்டா என்ன?"

"அது ஜெயிச்சவனுக்கு உள்ள மரியாதை. நான் போய்க் கேட்டா என்னைய மனுசன்னு மதிப்பானா?" என்று பாய்ந்தார். காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் பொழுது சாய்வதற்குள் டீக்கடையில் மொக்கையனிடமே ஒப்பித்துவிட்டு வருவார்.

மரியாதையைப் பிடுங்கினால்தானே கோபம் வரும். கூடக் கொஞ்சம் மரியாதை கொடுத்தால்? மறுநாள் புல் வாங்கப் போனபோது மொக்கையன் பெண்சாதி ஒச்சாயியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மதினி, மொக்கையண்ணே வருசா வருசம் ஜெயிக்கிறாரு. ஆனா மாலை விழுகிறதெல்லாம் எங்க ஊர்ப் பக்கம். ஒங்க சனம் ஒரு தடவையாச்சும் கண்ணாரப் பாத்துச்சா?"

ஒச்சாயி அரிவாளைக் கீழே போட்டாள். "அதானே! ஓடுறது இங்கன, மாலை அங்கிட்டா? இருக்கட்டும், வரட்டும் அந்த மனுசன்!"

அவ்வளவுதான். இந்த வருஷம் பந்தயம் வைகைக் கரையில் தொடங்கி விளாங்குடி மந்தைத் திடலில் முடியும் என்று முடிவானது. மொக்கையனே சொன்னதால் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். ரோடு அதே ரோடுதான். ஆனால் திசை திரும்பியதால் இப்போது வலது பக்கம் மாவு.

பந்தயத்தன்று, புதுக் குதிரை பூட்டிய சோணையின் வண்டியில் திரை கட்டி உட்கார்ந்திருந்தேன். பந்தய வண்டிகளின் பின்னாலேயே போவதாக ஏற்பாடு. சிட்டும் கருப்பனும் வந்து நின்றன. மொக்கையன் மீசையைத் தடவிக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

"மாப்ள, இன்னைக்கு முடிவு எங்க ஊர்ல. நீ எங்களுக்கு விருந்தாளி. வலது பக்கம் ஒனக்குத்தான். எடுத்துக்க."

கூட்டம் ஆஹா என்றது. எனக்கு உசுரே போய்விட்டது. என் வீட்டுக்காரர் கண் கலங்கி, நெஞ்சில் கை வைத்து, "மாப்ள, ஒன் மனசு யாருக்கு வரும்" என்று சிட்டை வலப்பக்கம் திருப்ப ஆரம்பித்தார். யா அல்லா! திரையை விலக்கிக்கொண்டு தலையை வெளியே நீட்டிவிட்டேன்.

"மச்சான்! அந்தப் பக்கம் ஓட்டுனா வீட்டுப் பக்கம் வராதீக! எங்களுக்கு என்ன பிச்சையா போடுறாரு? ஜெயிச்சு வாங்க வக்கில்லாத குடும்பமா இது? மொக்கையண்ணே, ஒங்க மரியாதையை நீங்களே வச்சுக்கங்க!"

மொக்கையன் முகம் கறுத்தது. "மரியாதை குடுத்தா மதிக்கத் தெரியலையே! வெலகு மாப்ள!" என்று கருப்பனை வலப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். இவர் அவமானத்தில் குறுகிப்போய் இடப்பக்கம் நின்றார். அவர் மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் திரையை இழுத்துவிட்டேன்.

பொய் சொல்லக்கூடாது, கருப்பன் நல்ல குதிரைதான். விட்டதும் ஒரே பாய்ச்சலில் முந்திவிட்டது. நான் சிட்டு சிட்டு என்று முனகிக்கொண்டிருந்தேன். பாதி தூரம் போனதும் கருப்பனின் சக்கரம் புழுதியில் இழுக்க ஆரம்பித்தது. மொக்கையன் சாட்டையை எடுத்தார். குதிரை முக்கியதே தவிர வண்டி நகரவில்லை. சிட்டு டக் டக்கென்று கெட்டித் தரையில், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி, பக்கத்திலேயே தாண்டிப் போனது. நான் அழுதேன், சிரித்தேன், சோணையின் முதுகில் நாலு சாத்தும் சாத்தினேன்.

மந்தையில் ஒச்சாயி கட்டி வைத்திருந்த மாலை சிட்டின் கழுத்தில் விழுந்தது. ஊர்ப் பெரியவர் முத்திருளன் சிட்டின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழயா? அட, இது ராஜ சுழியில்ல! எவன்டா அழுகைச் சுழின்னது?" என்றார்.

"நாளைக்கு எங்குடும்பத்தோட ஒன் வண்டியில ஏறுறேன் மாப்ள" என்று மொக்கையன் முணுமுணுத்தார். கருப்பனை அவிழ்த்துவிட்டு, முழங்கால் வரை அப்பியிருந்த புழுதியைத் தட்டினார். தட்டிக்கொண்டே குனிந்து தன் சக்கரத் தடத்தைப் பார்த்தார். சிட்டு வந்த பக்கம் போய்க் காலால் தரையை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நான் இருந்த வண்டியின் திரையையே பார்த்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் மாலையும் கழுத்துமாக நின்ற சிட்டின் பக்கத்தில், வண்டி மேல் ஏறி நின்றார். எனக்கு அந்த வாய் ஞாபகம் வந்தது.

"எல்லாரும் கேளுங்க! அடுத்த மாசிக்கும் இதே ரோடு, இதே மந்தை! தோத்தா இதே சிட்டைக் குடுத்துர்றேன்! இனிமே வலது பக்கம் என்னோட மரியாதை. எந்த மாப்ள கேட்டாலும் விட்டுக்குடுக்க மாட்டேன்!"

ஊரே கைதட்டியது. முதலில் தட்டியது மொக்கையன்.