சின்னக் கைதான் ஜெயிக்கும்

“அடுக்காதீங்க! கையை எடுங்க முதல்ல!”

தையல்காரி பட்டென்று மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாள். டிரைவரம்மா விசிறியாகப் பிடித்திருந்த ஐந்து சீட்டும் எஞ்சின் மூடி மேல் சிதறின.

கடைசி நிறுத்தம். பஸ் காலி. மறுபடி கிளப்ப இன்னும் பதினோரு நிமிடம். அதற்குள், பிறந்ததிலிருந்து ஆடியிராத ஒரு சீட்டாட்டத்தை டிரைவர் கற்றாக வேண்டும். மூன்றேகாலுக்கு டிப்போ ஓய்வறையில் அவளுக்கு ஆட்டம்.

சங்கதி இதுதான். காலை ஷிப்ட் ஒன்று காலியானது. கேட்டவர்கள் இரண்டு பேர். இருவரும் வேலையில் சேர்ந்தது ஒரே நாள், ஆகவே சீனியாரிட்டி பேச வழியில்லை. இப்படி இழுபறி வந்தால் அந்த டிப்போவில் யாரும் மேனேஜரிடம் போய் மூக்கு சிந்த மாட்டார்கள். ஆளுக்கு இருபது தீக்குச்சி, ஒரு கட்டு சீட்டு, அரை மணி நேரம். மணி அடிக்கும்போது யாரிடம் குச்சி அதிகமோ அவருக்கு ஷிப்ட். தோற்றவர் அப்புறம் வாய் திறக்கக் கூடாது.

அவளுக்கு அந்த ஷிப்ட் கிடைத்தே தீர வேண்டும். கணவன் கப்பலில் சமையல்காரன். ஆறு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. மகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி போன மாதம் வீடு மாறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த ஒன்பது வயதுப் பெண், மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வந்து, தானே கதவைத் திறந்து, தானே உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, அம்மா வரும் ஒன்பதரை வரை தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தச் சேதியைப் பஸ் முழுக்க ஒலிபரப்பியது கண்டக்டர். “ரம்மின்னா எங்க அக்கா புலி. ஆனா டிப்போவுல ஆடறது ஏதோ லோபால்னு ஒரு சீட்டாட்டமாமே! புலியைத் தண்ணியில தள்ளி நீந்தச் சொல்றானுங்க!” என்று ஒவ்வொரு டிக்கெட்டுடனும் சேர்த்துக் கிழித்துக் கொடுத்தான். முன் சீட்டில் தினமும் ஏறுகிற தையல்காரி கடைசி நிறுத்தத்தில் இறங்கவில்லை. ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் பழக்கமில்லாதவள். “எனக்குத் தெரியும் அந்த ஆட்டம். சீட்டு இருக்கா?” என்று நேராக வந்து நின்றாள்.

போட்ட முதல் கையிலேயே டிரைவருக்கு மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு வந்தது. முகமெல்லாம் பல்லாகக் காட்டினாள். “ஒரே வரிசை!”

“ஒரே குப்பை,” என்றாள் தையல்காரி. “ரம்மியில என்னல்லாம் சேத்தீங்களோ, அதையெல்லாம் மறங்க. இதுல சின்னக் கைதான் ஜெயிக்கும். ஜோடி சேரக் கூடாது. அஞ்சும் வரிசையா வரக் கூடாது. அஞ்சும் ஸ்பேடாவோ ஹார்ட்டினாவோ ஒரே இனமா நிக்கக் கூடாது. ஆஸ் இங்க எல்லாத்தையும் விடப் பெரிசு, வந்தா தூக்கிப் போடுங்க.”

“சொந்தபந்தமே இல்லாத கை! குடுத்து வெச்சவங்களுக்குத்தான் அமையும்,” என்றான் கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடி.

“ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஏழு. இதை அடிக்க ஒரு கை கிடையாது.”

“ஆறு இருந்தா இன்னும் சின்னதாச்சே?”

“ஆறு வந்தா வரிசை ஆயிடுமேம்மா!”

டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

தையல்காரி துணி வெட்டுகிற வேகத்தில் மீதியைச் சொல்லித் தீர்த்தாள். மூன்று தடவை சீட்டு மாற்றலாம், எத்தனை வேண்டுமானாலும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் குச்சி வைக்கலாம். எதிராளி வைத்த அளவுக்கு வைக்க மனசில்லையா, கையைக் கவிழ்த்து விலகிவிடலாம். போட்ட குச்சி போச்சு. கடைசியில் காட்டும்போது அவரவர் கையில் பெரிய சீட்டு எதுவோ அதைப் பார்ப்பார்கள். எட்டில் முடிகிற கை ஒன்பதில் முடிகிற கையை அடிக்கும்.

“அப்புறம் இந்த அடுக்கற வேலை. புதுச் சீட்டை எங்க சொருகறீங்கன்னு பாத்தாலே அது சின்னதா பெரிசான்னு தெரிஞ்சுடும். வந்தது வந்தபடி பிடிங்க. எதிராளி எப்படி?”

“ஊமைக்கோட்டான். டிப்போவுல எல்லாரும் கோட்டான்னுதான் கூப்பிடுவோம். அவனுக்கு எதுக்கு இந்த ஷிப்டுன்னு கூட எவனுக்கும் தெரியாது.”

தையல்காரி சீட்டைக் கலைப்பதை ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு கலைத்தாள்.

“பேசாத ஆள் எண்ணுவான். நீங்க எத்தனை மாத்தறீங்கன்னு எண்ணிக்கிட்டே இருப்பான். ஒரு தடவை கை நாறிப் போய் வரும்போது, ஒண்ணுமே மாத்தாதீங்க. கல்லாட்டம் உக்காந்து குச்சியைத் தள்ளுங்க. பயந்து விலகுவான். விலகினதும் அந்தக் குப்பையைத் திருப்பிக் காட்டுங்க.”

“ஏமாத்தினதை எவளாவது தானே காட்டுவாளா?”

“காட்டணும். பேசாத ஆளுக்குக் கோவம் வெளிய வராது, உள்ளயே கொதிக்கும். அடுத்த கையில விடவே மாட்டான். அப்ப நிஜமான கையை வெச்சு வாங்கிடுங்க.”

கண்டக்டர் விசிலடித்தான். நேரமாகிவிட்டது.

*

ஓய்வறையில் நீள மேசை. இரண்டு பக்கமும் காக்கிச் சட்டைகள். சீட்டுப் போட மெக்கானிக் உட்கார்ந்திருந்தான், கிரீஸ் கையைத் துடைத்துத் துடைத்து. எதிரே கோட்டான். முதுகில் இரும்புக் கம்பி செருகியதுபோல விறைப்பாக உட்கார்ந்து, சீட்டைப் பார்க்காமல் அவள் விரல்களையே பார்த்தான்.

அவள் அடுக்கினாள். அடுக்கக் கூடாது, அடுக்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடுக்கினாள். இருபது வருஷ ரம்மிக் கை, சொன்ன பேச்சைக் கேட்குமா? அவளுக்கு நல்ல கை வந்தால் கோட்டான் விலகினான். சுமாரான கை வந்தால் குச்சியைத் தள்ளினான். இருபதே நிமிடத்தில் அவள் பக்கம் பன்னிரண்டு, அவன் பக்கம் இருபத்தெட்டு.

“அக்கா, டீ சொல்லட்டா?” என்றான் கண்டக்டர்.

“வாயை மூடறியா?”

மெக்கானிக் அடுத்த கையைப் போட்டான். அவள் எடுத்துப் பார்த்தாள். ரெண்டு. இன்னொரு ரெண்டு. ராஜா. மறுபடி ரெண்டு. மறுபடியும் ரெண்டு.

ரம்மியிலே வந்திருந்தால் மேசை மேல் ஏறிக் குதித்திருப்பாள். இங்கே இதைவிடக் கேவலமான கை கிடையாது. நான்கை மாற்றலாம் என்று விரல் நகர்ந்தது. அப்படியே நின்றது.

எது செத்த சீட்டு, எது யாருக்கு வராது என்று கணக்குப் போடுகிற ரம்மிப் புத்தி சட்டென்று விழித்துக்கொண்டது. கட்டில் இருக்கிற நாலு ரெண்டும் என்னிடம். அப்படியானால் அவனுக்கு ரெண்டே வராது. ரெண்டு இல்லாமல் ஏழுக்குள் முடிக்கப் பார்த்தால், மூன்றிலிருந்து ஏழு வரை வரிசையாகத்தான் வரும். அது குப்பை. தலைகீழாக நின்றாலும் அவன் எட்டுக்குக் கீழே போக முடியாது. நடுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான்!

“மாத்தல,” என்றாள். இரண்டு குச்சி வைத்தாள்.

கோட்டான் இரண்டு சீட்டு மாற்றினான். அவள் வைத்ததற்குச் சமமாக வைத்தான்.

“மாத்தல.” மூன்று குச்சி.

கோட்டான் ஒன்று மாற்றினான். வைத்தான்.

அப்போது அவள் போன் அடித்தது. மணி மூன்றரை தாண்டியிருந்தது. எடுக்காமல் விட்டால் பிள்ளை பயந்துவிடும்.

“தாப்பாள் போட்டுட்டேம்மா. எப்பம்மா வருவ?”

“வந்துடறேன் கண்ணு. சாப்பிட்டுட்டு எழுது.”

போனை வைத்தாள். “மாத்தல,” என்றாள் மூன்றாவது முறையாக. மீதியிருந்த குச்சிகளைப் புறங்கையால் நடுவே தள்ளினாள்.

கோட்டான் கடைசி முறையாக ஒரு சீட்டு மாற்றினான். பார்த்தான். அவள் விரல்களைப் பார்த்தான். விரல்கள் அசையவில்லை. அவை அடுக்க அந்தக் கையில் என்ன இருந்தது? நெடுநேரம் கழித்து அவன் சீட்டைக் கவிழ்த்தான்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ராஜா.

அறை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. “கோட்டானுக்கே கண்ணு தெரியலடோய்!” என்று யாரோ கத்தினார்கள். கோட்டானின் காது மடல் சிவந்தது.

அடுத்த கை. ரெண்டு, எட்டு, ராஜா, மூணு, நாலு. ராஜாவைத் தூக்கிப் போட்டாள். வந்தது ஆறு. வந்த இடத்திலேயே பிடித்தாள்.

“மாத்தல.”

கோட்டான் குச்சி வைத்தான்.

“மாத்தல.”

மறுபடி வைத்தான். இந்த முறை அவன் விரல்களைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தை முறைத்தான். அவள் மீதி குச்சிகளை முழுக்கத் தள்ளினாள். அவள் கையை எடுக்குமுன் அவனும் தள்ளினான்.

காட்டினார்கள். அவனுடையது ஒன்பதில் முடிந்தது. அவளுடையது எட்டில்.

மெக்கானிக் குச்சிகளை இரு கையாலும் வாரி அவள் பக்கம் ஒதுக்கினான். கோட்டானிடம் ஆறு மிஞ்சின. இன்னொரு கை போடுவதற்குள் மணி அடித்துவிட்டது. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான். போகிற போக்கில், “நல்லா ஆடினீங்க,” என்றான். அந்த டிப்போவில் அவன் குரலைப் பலர் கேட்டது அதுவே முதல் தடவை.

*

நான்கு மணி டிரிப்பில் பஸ் இரண்டாவது நிறுத்தத்தைத் தொடுவதற்குள் தையல்காரி கை காட்டி ஏறினாள். உட்காரவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள்.

“என்னாச்சு?”

“ஜெயிச்சுட்டேன்! நீங்க சொன்ன மாதிரியே ஒரு தடவை ஏமாத்திக் காட்டினேன், மறு கையில மாட்டினான். உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேனோ தெரியல. திங்கக்கிழமையிலிருந்து எம்பொண்ணு வரும்போது நான் வீட்ல இருப்பேன்.”

தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். “அப்பாடா. மூட்டை தூக்கற வேலை ஒழிஞ்சுது.”

“எந்த மூட்டை?”

“காலை ஷிப்ட் கிடைச்சா சாயங்காலம் கிடங்குல மூட்டை தூக்கறதா பேசி வெச்சாச்சு. எனக்குப் பூவேலை மெஷின் வாங்கித் தரணுமாம். முதுகெலும்புல தட்டு விலகியிருக்கு, அஞ்சு கிலோ கூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி மூணு மாசமாச்சு. அழுது பாத்தேன், சண்டை போட்டுப் பாத்தேன், பட்டினி கிடந்தேன். பதிலே பேசாத மனுஷன்கிட்ட எதை ஜெயிக்க? சீட்டுல தோத்தா மட்டும் மறுபேச்சுக் கிடையாது.”

டிரைவர் பிரேக்கை மிதித்தாள். பஸ்ஸில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஒரு முறை முன்னால் வந்து போனார்கள். அவள் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தாள்.

“நீங்க யாரைச் சொல்றீங்க?”

“உங்க கோட்டானைத்தான்,” என்றாள் தையல்காரி. “என் வீட்டுக்காரர்.”