தையல் இயந்திரம் நிற்கும் இடங்கள்

1

இந்தக் கதை நானாக யோசித்து எடுத்ததல்ல. என் சாச்சி மகள் றபீக்கா கேட்டாள், எழுதத் தொடங்கினேன். ஞாயிறு மாலை கேட்டவள், வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும் என்றாள். ஏன் வெள்ளிக்கிழமை என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். முதலில் நாங்கள் என்ன வாசித்துக்கொண்டிருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

1981. பேராதனையில் விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு, ஆசிரியர் நியமனக் கடிதத்துக்காகச் சாய்ந்தமருதில் காத்திருந்தேன். அடுத்த வளவு என் உம்மாவின் தங்கை ஹாஜறா சாச்சியுடையது. இடையில் வேலி இருந்தது. வேலியில் ஒரு கதவு இருந்தது. அது பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

றபீக்கா தைப்பாள். அவளுக்கு ராத்தாவான நான், அதாவது அக்கா, வாசிப்பேன். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. அச்சிட்டதை வாசிப்பதென்றால் வரும்.

2

வாசித்ததெல்லாம் காதல் நாவல்கள். இந்தியாவிலிருந்து வந்து கல்முனைக் கடையில் தொங்கும் மெல்லிய புத்தகங்கள். அட்டையில் ஒரு பெண் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் இரசாயனக் குறிப்புகளுக்குப் போட்டிருந்த பழுப்புத்தாளைக் கழற்றி அந்த அட்டையை மறைத்தேன். "பாவம் புள்ள, பட்டம் முடிஞ்சும் படிக்கிது" என்று சாச்சி இரக்கப்படுவாள்.

இந்தப் புத்தகங்களைப் பற்றி நல்லதாக யாரும் எழுதிக் கண்டதில்லை. முடிவு முன்கூட்டியே தெரியும் என்பது பெரிய குற்றச்சாட்டு. ஆய்வுகூடத்தில் அமிலத்துக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போதும் முடிவு தெரியும். இளஞ்சிவப்பு வரப்போகிறது. மூன்று வருடம் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கடைசிச் சொட்டு விழும்போது குனியாத ஒருவரையும் நான் கண்டதில்லை. என்ன நிறம் வரும் என்று பார்க்க யாரும் குனிவதில்லை. எந்தச் சொட்டில் வரும் என்றுதான் குனிகிறோம்.

(இந்த உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. றபீக்காவிடம் சொன்னபோது, "அமிலத்தக் கொண்டந்து காதலுக்குள்ள ஊத்தாதீங்க ராத்தா" என்றாள்.)

இன்னொன்றும் கவனித்தேன். நல்ல இடம் வந்தால் தையல் இயந்திரம் நின்றுவிடும். அவளுக்கே தெரியாமல் கால் மிதியில் நிற்கும். எங்கே நிற்கிறது என்று குறித்து வைத்தேன். பதினொரு புத்தகம், நாற்பத்து மூன்று தடவை. கதாநாயகன் காதலைச் சொல்லும் இடத்தில் மூன்று தடவைதான் நின்றது. அதில் இரண்டு நூல் அறுந்ததால். முத்தத்தில் ஒருமுறையும் நிற்கவில்லை.* முப்பத்தொரு தடவை, அவன் ஏதாவது மடத்தனம் செய்து அவள் சிரித்துவிடும் இடத்தில் நின்றது. தவறான பஸ்ஸில் ஏறுவான். அவளுடைய குடையைத் தன்னுடையது என்று சண்டை பிடிப்பான்.

இந்த நாவல்களின் இரகசியம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. காதல் எல்லாருக்கும் கிடைக்கும் என்று அவை சொல்லவில்லை. உன்னைச் சிரிக்கவைக்கும் ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்று சொல்கின்றன. அது சின்ன ஆசையாகத் தெரியும். சின்ன ஆசை அல்ல.

* முத்தம் வந்தால் நான் குரலைத் தாழ்த்திவிடுவேன். ஆகவே இந்த எண்ணிக்கையை முழுதாக நம்ப வேண்டாம்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை றபீக்காவைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை பளீல், ஊர் இறக்காமம், நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியர். கூட வந்தவர் அவருடைய மாமா ஆதம்பாவா. மாமா எல்லாவற்றையும் கதைத்தார். மாப்பிள்ளை ஒன்றும் கதைக்கவில்லை. தேநீரைக் குடித்தார், கோப்பையைப் பார்த்தார், போனார்.

போகும்போது தன் செருப்பில் ஒன்றையும் றபீக்காவின் வாப்பாவின் செருப்பில் ஒன்றையும் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டும் ஒரே பழுப்புத் தோல். படியில் சோடி சேராத இரண்டு கிடந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"கண்ணும் தெரியாதுபோல" என்று சொல்லி, அந்நியச் செருப்பைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பின்னால் காலால் தள்ளிவிட்டாள் சாச்சி. பிறகு மகளைப் பார்த்தாள். "நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம். ஆனா ஒன்ட வாயால சொல்லு. வெள்ளிக்கிழமை நான் ஆதம்பாவாக்குப் பதில் சொல்லணும்."

றபீக்கா வேலிக்கதவால் என்னிடம் வந்தாள்.

"ராத்தா, ஒரு சிரிப்பு? ஒரு வார்த்தை? மனிசன் கோப்பைக்கு நிக்காஹ் பேச வந்த மாதிரி இருந்திட்டுப் போறாரு."

"வெக்கமா இருக்கும்" என்றேன். வெட்கம் எனக்குத் தெரிந்த விடயம்.

"நாவல்ல வாறவள் புருசன்ட ஊட்டுக்குப் போறாள். புடிக்காட்டி உம்மாட ஊட்டுக்கு ஓடி வரலாம். இஞ்ச அவருதானே வரப்போறாரு. இது என்ட ஊடு. நான் எங்க ஓடுற?"

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார்.

"அவர வெச்சி ஒரு கதை எழுதுங்க" என்றாள். "நீங்க விஞ்ஞானம் படிச்சவங்க. சோதிச்சிப் பாருங்க. கதைக்குள்ளயாவது என்னச் சிரிக்கவைக்கிறாரா எண்டு பாப்பம். வெச்சாரெண்டா ஓம் எண்டு சொல்லுவன்."

4

முதல் தொடக்கம்:

"பஸ்ஸின் கடைசி இருக்கையிலிருந்து அந்த இளைஞன் குறும்பாகக் கண்ணடித்து—"

பளீல் கண்ணடிக்கமாட்டார்.

இரண்டாவது தொடக்கம்:

"இறக்காமம் குளத்து அலைகளைப் போல அவன் நெஞ்சிலும்—"

எனக்கே சிரிப்பு வந்தது. தேவையில்லாத இடத்தில்.

மூன்றாவதை நிறுத்தாமல் கடைசிவரை எழுதினேன். அதில் பளீல் துடுக்காகப் பேசினார், யானையைப் பற்றி ஒரு பகிடி விட்டார், கவிதை சொன்னார். செவ்வாய்க்கிழமை வாசித்துக் காட்டினேன். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிப் பக்கத்தில் மணப்பெண் தாயைக் கட்டிப்பிடித்து அழுது காரில் ஏறும்போது நின்றது.

"எங்க போறாள் இவள்?"

"மாமியார்ட வீட்டுக்கு."

"ஏன்? அவளுக்கு ஊடு இல்லியா?"

நான் தாளைப் பார்த்தேன். கதை கல்முனையில் நடந்தது. பதினொரு புத்தகத்தில் பதினொரு பெண்கள் அழுது காரில் ஏறியிருந்தார்கள். என் கை பன்னிரண்டாவதையும் ஏற்றிவிட்டிருந்தது.

"பெட்டியத் தூக்கிட்டு வாறது அவன். அழுறதெண்டா அவன் அழட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பளீலைப் பார்த்து அல்ல. என்னைப் பார்த்து. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

5

அன்று மாலை அந்த வாக்கியத்தைத் திருப்பி எழுதினேன். "அவன் பெட்டியோடு அவள் வீட்டுப் படியில் நின்றான்." இவ்வளவுதான் மாற்றம். ஆனால் கதை முழுவதும் மாறிவிட்டது. பயப்பட வேண்டியவர் இப்போது வேறு ஆள். எந்தக் கோப்பை தன்னுடையது, எந்தக் கதவால் கிணற்றடிக்குப் போவது, இருமலாமா என்று தெரியாமல் ஒரு முழு ஆண்பிள்ளை நிற்கிறார். துடுக்காகப் பேச அவருக்கு எங்கே நேரம்? புத்தகங்களில் அழுத பதினொரு பெண்களுக்கும் இருந்த பயம் இவருக்கு இருக்கிறது. அழ மட்டும் அனுமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர் ஏன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கியது.

(றபீக்காவுக்கு இதைக் கட்டுரையாகச் சொன்னால் கொட்டாவி விடுவாள். புதன்கிழமை சொன்னேன். விட்டாள்.)

6

இனி, நான் உங்களிடம் மறைத்த ஒன்று. றபீக்காவிடமும் மறைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் பளீல் எங்கள் வாசலுக்கு வந்தார். காலில் இறப்பர்ச் செருப்பு. கையில் பத்திரிகைத்தாளில் சுற்றிய ஒரு பொருள். உம்மா தொழுதுகொண்டிருந்ததால் நான் போக வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக் கதைத்தோம்.

"இது உங்கட வாப்பாட செருப்பு" என்றார்.

"இல்ல. அது அடுத்த வீடு."

"தெரியும். அங்க போனா தேத்தண்ணி தருவாங்க. நேத்துக் குடிச்சதே இன்னும் இறங்கயில்ல."

நான் வாங்கிக்கொண்டேன். "உங்கட ஒரு செருப்பு அங்க கிடக்கு. எடுத்துத் தாறதா?"

அவர் தன் இறப்பர்ச் செருப்பைப் பார்த்தார்.

"வேணாம். எல்லாம் சரிவந்தா நான் அந்த ஊட்டுக்குத்தானே வரணும். அது அவசரப்பட்டு முன்னுக்குப் போயிட்டு. இப்பக் கூப்பிட்டா அதுக்கு வெக்கமா இரிக்கும்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"அதுட குதிப்பக்கம் ஒரு ஆணி மேல வந்திரிக்கி. எனக்குப் பழக்கம், சரிச்சி நடப்பன். அங்க தெரியாம ஆரும் கால வெச்சிட்டா குத்தும். அதான் ராத்திரியெல்லாம் யோசினை. ஆரையும் போட வேணாமெண்டு எப்படியாவது சொல்லிருங்க. நான் வந்த எண்டு மட்டும் சொல்லிராதீங்க."

"சொல்லமாட்டன்" என்றேன்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

றபீக்காவின் வாப்பா, என் சாச்சாவின் செருப்பை அவர்கள் படியில் ஓசையில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். ஆதம்பாவா ஆள் விட்டனுப்பியதாகச் சாச்சி முடிவு செய்தாள். மற்றச் செருப்பு பீப்பாவுக்குப் பின்னால்தான் கிடந்தது. யாரும் அதைப் போடப்போவதில்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சொல்லமாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு வியாழக்கிழமை ஆயிற்று.

7

வியாழக்கிழமை அதை மட்டும் எழுதினேன். உவமை இல்லை, குளத்து அலை இல்லை. அவர் சொன்னது, நான் சொன்னது. ஒன்றரைப் பக்கம்.

முடிவுக்கு மூன்று தயாரித்து வைத்திருந்தேன். (அ) அவள் செருப்பைத் திருப்பி அனுப்புகிறாள். (ஆ) அவள் அதைக் கழுவிப் படியில் வைக்கிறாள். (இ) ஒரு நாய் அதைக் கொண்டுபோய்—

மூன்றையும் வெட்டினேன். பிழையாக எழுதினால் கிழிக்கலாம். ஆனால் றபீக்கா என் முடிவை நம்பி ஓம் என்பாள், அந்த வீட்டுக்குள் நாற்பது வருடம் இருக்கப்போவது அவள். ஆகவே ஆணியோடு நிறுத்தினேன்.

வாசித்தேன். இயந்திரம் ஓடியது. "நேத்துக் குடிச்சதே இன்னும் இறங்கயில்ல" என்ற இடத்தில் வேகம் குறைந்தது. "அதுக்கு வெக்கமா இரிக்கும்" என்ற இடத்தில் நின்றது.

நான் வாசித்து முடித்தும் ஓடவில்லை.

"இது நீங்க எழுதினதா, அவரு சொன்னதா?"

"அவர் சொன்னது."

"பொய். செவ்வாக்கிழமையும் அவரு யானைப் பகிடி விட்டாரு. நீங்க நல்லா எழுதப் பழகிட்டீங்க ராத்தா. அதான் எனக்குப் பயம்."

அவள் குரலில் பகிடி இல்லை. நான்கு நாளாக அவளுக்காகப் பொய் எழுதிவிட்டு, உண்மையைக் கொண்டுவந்தபோது அதற்கு வேறு முகம் இல்லாமல் போய்விட்டது. சத்தியம் செய்யலாம். ஆனால் எழுதுகிறவளின் சத்தியத்தை யார் நம்புவது?

"அந்தச் செருப்ப நான் தொட்டும் பாக்கயில்ல. சாச்சி காலாலதான் தள்ளினாங்க" என்றேன். "ஆணி இருக்கா எண்டு நீயே பார்."

அவள் எழுந்து போனாள். பீப்பா நகரும் சத்தம் கேட்டது. கையால் தடவிப் பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் காலை விட்டிருக்கிறாள்.

"ஆ! உம்மா!"

அதற்குப் பிறகு வந்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. நான்கு முறை முயன்றேன், நான்கையும் வெட்டிவிட்டேன். கோழிகள் பறந்தன என்பதை மட்டும் விட்டுவைக்கிறேன்.

ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மறுகா? பொறவு என்ன?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"முடியல்லியே."

கொப்பியைத் திருப்பி அவளிடம் கொடுத்தேன். கீழே அரைப்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனையையும் கொடுத்தேன். ஒரு வரி எழுதினாள். எழுதும்போது என்னை மறுபக்கம் பார்க்கச் சொன்னாள்.

"நாளைக்கு உம்மாட்ட இதக் குடுங்க. எனக்குச் சொல்ல வராது" என்றாள் றபீக்கா, நாள் முழுக்கக் கதைப்பவள்.

8

வெள்ளிக்கிழமை காலை கொடுத்தேன். சாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு முன்னால் இருந்ததையும் வாசித்தாள். அவள் உதடு ஒரு பக்கமாகப் போனது. பீப்பாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. படியைப் பார்த்தாள். சாச்சாவின் சோடிக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு, கழுவி வெயிலில் வைக்கப்பட்டிருந்தது. ஆணி இருந்த இடத்தில் ஒரு துண்டுச் சீலை, நாலு தையல்.

"மத்தச் செருப்பு எங்க புள்ள?" என்று கேட்டாள்.

"இறக்காமத்தில, சாச்சி."

"அப்ப ஆதம்பாவாக்கு ஆள் அனுப்பணும்."

றபீக்கா எழுதிய வரியை நான் இங்கே தரப்போவதில்லை. அது அவளுடைய வீடு போல. நான் எழுதிக்கொடுக்கக்கூடியது அல்ல.

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். இறக்காமத்திலிருந்து இங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும். சன நெருக்கம். கையில் ஒற்றைச் செருப்போடு, சிரிக்காத முகத்தோடு ஒரு மனிதர் ஏறுகிறார். பக்கத்தில் யாரை உட்காரவைப்பது, அந்த ஆள் என்ன கேட்பார், இவர் என்ன சொல்வார், எல்லாம் உங்கள் பொறுப்பு. எழுதியதும் சத்தமாக வாசியுங்கள். பக்கத்தில் யாராவது ஒரு வேலையில் இருப்பார்கள். அவர்கள் கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.