இரண்டு கண்ணுக்கு இரண்டு படம்

எண்பத்தேழாம் வருஷம் வைகாசியில் பரிபூரணத்துக்கு ஐந்தாம் மாதம். முன்பு இரண்டு கரு தங்கவில்லை என்பதால், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை ரத்தினத்துக்குக் கல்யாணம் வந்தது. இராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அவளால் முடியாது.

"நீங்க போய் நல்லா போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றாள் கணவன் பொன்னுராஜிடம்.

பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் பொன்னுராஜுக்கு, வெறும் போட்டோ போதாது என்று தோன்றியது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கூட்டாளி வேல்சாமியிடம் போய்ச் சொன்னான்.

"ஒரே காட்சிய ரெண்டு தடவ எடுலே. ரெண்டாவதுக்குக் கேமராவ நாலு விரக்கடை வலப்பக்கம் தள்ளு. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படமாக் காட்டினா நேர்ல பாக்காப்புல இருக்கும்" என்ற வேல்சாமி, கேமராவோடு, பிறகு படம் பார்க்க ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி லென்ஸும் கொடுத்தான்.

கல்யாணத்தில் பொன்னுராஜ் எல்லாரையும் படுத்தி எடுத்தான். "செத்த நேரம் அசையாம இரு, ரத்தினம்."

"இன்னும் எத்தன தடவ அத்தான்?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள் அவள்.

படங்கள் கழுவி வந்ததும், பேண்டேஜ் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி லென்ஸ்களைப் பதித்து, எதிர்ப்பக்கம் இரண்டு படங்களை ஒட்டி மனைவியிடம் நீட்டினான்.

"ரெண்டு ரத்தினம்லா தெரியுது" என்றாள்.

ஒரு கண்ணுக்கு மற்றதன் படம் தெரியாதபடி நடுவில் தடுப்பு வைத்தான்.

"இப்ப ஒண்ணாயிட்டு. ஆனா செவரு முன்னால வருது. இவ குழிக்குள்ள கெடக்கா."

இடது வலது மாறிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. படங்களை இடம் மாற்றி ஒட்டினான்.

தங்கையைத் தொடப்போவதுபோல் பரிபூரணத்தின் கை தானாக நீண்டு காற்றில் நின்றது.

"அவ பக்கத்துல ஒரு நாற்காலி காலியா கெடக்கே, யாருக்கு?"

சொன்னால் அழுவாளோ என்று மறைத்து வைத்திருந்ததை அவன் மெல்லச் சொன்னான். "ஒனக்குத்தான். ரத்தினம் யாரையும் உக்கார விடல."

அவள் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்காமல், "நல்லாக் கிட்டத்துலதான் போட்டிருக்கா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரத்தினம் புருஷனோடு வந்தாள். பெட்டியில் பார்த்துவிட்டு, "எம் மூக்கு இம்புட்டு நீளமாக்கா?" என்று கவலைப்பட்டாள். படுத்தபடியே பரிபூரணம் வயிறு குலுங்கச் சிரிக்க, பொன்னுராஜ் பதறிப் போனான்.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தினம்தான் முதலில் கையில் வாங்கினாள்.