நாலு விரல் உயரம்

கொட்டகையில் நிறுத்தியிருந்த பழைய வேனுக்குள் கட்டில், தொட்டி, அடுப்பு எல்லாம் பொருத்திய பெரியவர், கூரை மேல் புகைபோக்கியும் வைத்தார். அடுத்தவர் அளவை நம்பாமல் தானே அளந்தார். கிளம்பும் காலையில் பார்த்தால், புகைபோக்கி கொட்டகை வாசலைவிட நாலு விரல் உயரம்.

"இன்னைக்குக் கடலைப் பாக்கலேன்னா நான் பஸ்ல போயிடுவேன்," என்றாள் மனைவி.

"புகைபோக்கிய கழட்டிடலாம் அத்தான்," என்றான் மச்சினன்.

"எதுக்குடா கழட்டணும்? உன்ன மாதிரி குண்டனுங்க ஏறினா வண்டி தானா தாழும். ஏறு!"

மச்சினன் ஏறினான். வண்டி முனகியது; ஒரு விரல்தான் தாழ்ந்தது. பெரியவர் கூப்பிட்டதும் பக்கத்து வீட்டுத் தையல்காரர் குடும்பத்தோடு வந்து கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்தார். பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். புகைபோக்கி மயிரிழையில் தப்பியது. உள்ளே ஒரே கூச்சல்.

"சரி, எல்லாரும் இறங்குங்க."

ஒருவரும் அசையவில்லை.

"திரும்பி வந்து வண்டிய உள்ள விட நாங்க வேணாமா?" என்றார் தையல்காரர்.