உண்மை பேசும் பலம்

எங்கள் கைதிகள் நலக் குழுவின் தலைவர் பெரியநாயகம், முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர். 1982இல் கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். அன்றைக்குப் பிடித்தது சனியன். கைதியின் குற்றத்தைப் பார்க்காதே, அவனிடம் உள்ள பலத்தைப் பார் என்று அங்கே சொன்னார்களாம். நல்ல பேச்சுதான். மனிதர் அதைப் பெரட்டு ஆக்கிவிட்டார்.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு. ஈப்போவிலிருந்து சிறைக்குப் போனோம். இருபது தமிழ்க் கைதிகள் வரிசையில் நின்றார்கள். தலைவர் பலம் பிரித்துக் கொடுத்தார்.

"நீ பொறுமை. நீ பணிவு. நீயும் பணிவு."

குழுவில் சம்பளத்துக்கு எழுத்தர் வேலை பார்க்கும் நான் எழுதிக்கொண்டே போனேன்.

பத்துமலை மட்டும் வாய் திறந்தான். தோட்டத்து ஒட்டுப்பாலை, அதாவது சீவிய மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பரைத் திருடி உள்ளே வந்தவன். "நான் நல்லா பால்மரம் சீவுவேன் ஐயா."

"அது வேலைடா. பலம் உள்ளுக்குள்ள இருக்கணும்லா."

"உள்ளுக்குள்ள பயந்தான் ஐயா இருக்கு. நான் வேலைக்குப் போகலன்னா மாசக் கடைசில என் பொஞ்சாதி புள்ளைங்கள தோட்டத்து வீட்ட விட்டு வெளியேத்திருவாங்க. பாகான் டத்தோ தோட்டத்துல உங்க தம்பிதானே கிராணி? அங்க வேலையும் வீடும் இருக்குன்னு ஒரு சூராட் குடுங்க ஐயா. கடிதம் இருந்தா முன்னாடியே விட்டுருவாங்க."

"சிபாரிசு கேக்குறது பலவீனம்" என்றார் தலைவர். தன் மூன்று மகன்களுக்கும் வேலை வந்த வழி அப்போது மறந்திருக்கும். "ஆனா மனசுல உள்ளத ஒளிக்காம சொல்றான். அலெக்சாண்டர், எழுதுங்க. உண்மை பேசுதல்."

சிறையின் விருந்தினர் நாளில் அவன் மேடையில் பேச வேண்டும், நன்றாகப் பேசினால் கடிதம் உண்டு என்றார்.

அந்த நாளும் வந்தது. அதிகாரிகள், பிரமுகர்கள், மாலைகள். பத்துமலை எழுந்தான்.

"எல்லார்கிட்டயும் பலம் என்னன்னு கேட்டாங்க. அப்புறம் எல்லாரையும் பிரம்பு நாற்காலி பின்னத்தான் விட்டாங்க. நான் கேட்டது ஒரு சூராட். அதுக்குத்தான் இப்பப் பேசுறேன்."

கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். கைதிகள் கைதட்டினார்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. தலைவரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அவர் சொல்லச் சொல்ல நான்தான் சிறைக்கு அனுப்பும் அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். "உண்மை பேசும் பலம் அளவுக்கு மீறியுள்ளது. பக்குவப்பட இன்னும் ஆறு மாதம் உள்ளே இருப்பது நல்லது." கடிதம் போகவில்லை.

மாதம் முடிந்த மறுநாள் அவன் மனைவி காளியம்மா எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகள், ஒரு தகரப் பெட்டி, சாக்கில் கட்டிய சட்டிபானை. வீடு போய்விட்டது.

"உள்ள அவரு ஏதும் தப்பு பண்ணிட்டாரா அண்ணே?"

"இல்லக்கா. மேடையில நல்லாத்தான் பேசினாரு."

"அப்புறம் ஏண்ணே விடல?"

தலைவர் உள்ளறையில்தான் இருந்தார், கதவு திறந்திருந்தது. எனக்குப் பதில் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தெரியலக்கா" என்றேன்.